இணையச் சிற்றிதழ் உலகம்: வழக்கங்களும் சச்சரவுகளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இணையச் சிற்றிதழ்களுக்குப் படைப்பு அனுப்பத் தொடங்கியவர்களும், அப்படி ஓர் இதழைத் தாமே தொடங்கலாமா என்று யோசிப்பவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. நான் ஓர் இணைய இதழில் ஆறு ஆண்டுகள் ஊதியமின்றி, வந்துசேரும் படைப்புகளை முதலில் படித்துத் தேரும் முதல்நிலை வாசகராக இருந்தவன். எடுத்துக்காட்டுகளைப் பெரும்பாலும் ஆங்கிலச் சிற்றிதழ் உலகிலிருந்து எடுத்திருக்கிறேன்; அங்கு நடந்த சச்சரவுகள் பொதுவெளியில் பதிவாகியிருப்பதால் அவற்றைப் பெயரும் ஆண்டும் சொல்லிப் பேச முடிகிறது. அந்தச் சச்சரவுகளில் பெரும்பாலானவை எழுதி வைக்காத விதிகளிலிருந்தே பிறந்தன என்பது என் முடிவு.

‘சுயாதீன இலக்கியச் சமூகம்’ என்று யாரைச் சொல்கிறோம்?

பெரிய பதிப்பகங்களின் முதலீடு இல்லாமல், சிலர் தம் கைக்காசையும் ஓய்வு நேரத்தையும் போட்டு நடத்தும் இணைய இதழ்கள், சிறு பதிப்பகங்கள், அவற்றுக்கு எழுதுவோர், அவற்றைப் படிப்போர் எல்லாரும் சேர்ந்ததுதான் இந்தச் சமூகம். இதை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குச் சட்டென்று புலப்படாத ஒன்று உண்டு: எழுதுபவரும், ஆசிரியரும், போட்டி நடுவரும், மதிப்புரை எழுதுபவரும், நூலைக் காசு கொடுத்து வாங்குபவரும் பெரும்பாலும் அதே ஆட்கள்தாம். இன்று என் கவிதையைத் திருப்பி அனுப்பிய ஆசிரியர், நான் வாசகராக இருக்கும் இதழுக்கு அடுத்த மாதம் தம் கதையை அனுப்புவார். ஊதியம் கிடையாது, ஒப்பந்தம் பெயரளவுக்கே உண்டு, முறையிட ஓர் அலுவலகமும் கிடையாது. ஒருவர்மேல் ஒருவர் வைத்திருக்கும் நம்பிக்கைதான் இங்கே மூலதனம், அது கரையும்போது இதழும் கரைந்துவிடுகிறது.

அனுப்பிய படைப்புக்கு என்ன நடக்கிறது? பதில் வர ஏன் இத்தனை மாதம்?

பல இதழ்கள் 2010-இல் தொடங்கப்பட்ட சப்மிட்டபிள் போன்ற மென்பொருள் வழியாகவோ மின்னஞ்சல் வழியாகவோ படைப்புகளைப் பெறுகின்றன. முதலில் அவை ஊதியமில்லா வாசகர்களின் வரிசைக்கு வரும். அவர்கள் தேர்ந்தவை மட்டுமே ஆசிரியரின் பார்வைக்குப் போகும். ஆசிரியர் தாமே எல்லாவற்றையும் படிக்கும் சிறிய இதழ்களும் உண்டு.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் இதழில் ஒவ்வொரு படைப்பையும் இருவர் படிக்க வேண்டும். இருவரும் ‘வேண்டாம்’ என்று குறித்தால் அது அத்தோடு முடிந்தது. ஓர் இரவு பன்னிரண்டு மணிக்கு மேல் ஒரு கதையைத் திறந்தேன். அன்று அது எனக்குப் பத்தொன்பதாவது கதை. முதல் பத்தி தளர்வாக இருந்தது. ‘வேண்டாம்’ என்று குறித்துவிட்டுப் படுத்துவிட்டேன். மறுநாள் காலையில், என்னோடு அதைப் படித்தவர் குறிப்புப் பெட்டியில் ஒரே வரி எழுதியிருந்தார்: “மூன்றாம் பக்கத்தில் வரும் கடிதத்தைப் படித்தீர்களா?” நான் படித்திருக்கவில்லை. திரும்பிப் போய்ப் படித்தேன். அந்தக் கதை அடுத்த இதழில் வெளியானது. வாசகர் ஒருவர் மட்டும் இருக்கும் இதழ்களில் இப்படிப்பட்ட கதைகள் எத்தனை போயிருக்கும் என்று இன்றும் நினைத்துக்கொள்வேன்.

ஆகவே தாமதத்தை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே சமயம், இதழ் தானே அறிவித்த காலக்கெடு கடந்தபின் பணிவாக ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்பது முழுக்க உங்கள் உரிமை.

நிராகரிப்புக் கடிதத்தை எப்படிப் புரிந்துகொள்வது?

‘எங்கள் இதழுக்குப் பொருந்தவில்லை’ என்பது எல்லாருக்கும் போகும் வாசகம். அதில் மறைபொருள் தேட வேண்டியதில்லை. ‘வேறு படைப்பை அனுப்புங்கள்’ என்று ஒரு வரி கூடுதலாக இருந்தால், அது பெரும்பாலும் மனமாரச் சொன்னதுதான், நம்பி அனுப்புங்கள். நிராகரித்தவரை ஊரறியத் திட்டி எழுதுவதைப் பற்றி ஒன்றே சொல்வேன்: அதை மற்ற இதழ்களின் ஆசிரியர்களும் படிக்கிறார்கள்.

ஒரே படைப்பைப் பல இதழ்களுக்கு ஒரே சமயத்தில் அனுப்பலாமா?

பெரும்பாலான இதழ்கள் அனுமதிக்கின்றன. ஓரிடத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்டால் மற்ற இதழ்களுக்கு அன்றே தெரிவிக்க வேண்டும் என்பது ஒரே நிபந்தனை. தெரிவிக்கத் தவறினால், வேறொரு வாசகர் இரண்டு மணி நேரம் செலவழித்துப் படித்து, ஆசிரியரோடு வாதாடித் தேர்ந்தெடுத்த படைப்பு கையை விட்டுப் போகிறது.

வாசிப்புக் கட்டணம் பற்றி ஏன் இவ்வளவு கசப்பு?

ஆங்கில இதழ்கள் பல, படைப்பு அனுப்புபவரிடம் படைப்பு ஒன்றுக்கு மூன்று டாலர் அளவில் வாசிப்புக் கட்டணம் வாங்குகின்றன. மென்பொருளுக்கும் இணையதளத்துக்கும் செலவாகிறது, முன்பு தபால் தலைக்குக் கொடுத்த காசுதானே இது என்பது இதழ்களின் வாதம். அந்த வாதத்தில் ஓரளவு நியாயம் இருக்கிறது. எழுத்தாளர் பக்கத்துக் கணக்கையும் பார்க்க வேண்டும். ஒரு கதை இடம் பிடிப்பதற்குள் முப்பது இதழ்களுக்குப் போவது இந்த உலகில் அரிதல்ல. எல்லாம் கட்டண இதழ்களாக இருந்தால் தொண்ணூறு டாலர் ஆகிவிடும். கதை வெளியான பிறகு கைக்கு வரும் தொகை பல இடங்களில் சுழியம். வாசகர்களின் சந்தாவில் நடக்க வேண்டிய இதழ், தான் நிராகரிக்கும் எழுத்தாளர்களின் காசில் நடக்கிறது என்பதுதான் கசப்பின் வேர், அதைப் பேராசை என்று ஒதுக்கிவிட முடியாது.

இதழ்கள் கட்டணம் வாங்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். வாங்கும் இதழ் அந்தப் பணம் எதற்குப் போகிறது என்று சொல்ல வேண்டும், கட்டமுடியாதவர்களுக்கு மாதத்தில் சில நாட்களாவது கதவைத் திறந்து வைக்க வேண்டும் என்பேன். இரண்டையும் செய்யும் இதழ்கள் இருக்கின்றன. அவற்றின்மேல் யாரும் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. இதழ்களைத் தேடித் தரும் பட்டியல்களுக்கும் இதே கதைதான். 2005 முதல் இலவசமாக இருந்த டியோட்ரோப் என்ற தேடுதளம் 2013 ஜனவரியில் மாதம் ஐந்து டாலர் சந்தாவுக்கு மாறியபோது எழுந்த வருத்தம், சேவை மோசம் என்பதால் எழுந்ததன்று. பொதுச்சொத்து என்று எல்லாரும் நினைத்திருந்தது சிலருடைய உழைப்பில் ஓடியது என்பது அன்றுதான் பலருக்குத் தெரிந்தது.

நுழைவுக் கட்டணம் வாங்கும் போட்டிகளை நம்பலாமா?

இங்கே பழைய காயம் ஒன்று இருக்கிறது. கவிதைத் தொகுப்புப் போட்டிகளில் நடுவர்கள் தம் மாணவர்களுக்கும் நண்பர்களுக்கும் பரிசு கொடுக்கிறார்கள் என்று குற்றம்சாட்டி, 2004-இல் ஃபோட்ரி என்ற தளம் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. நடுவர் யார், வென்றவர் யார், இருவருக்கும் என்ன உறவு என்பதை அது பெயர் சொல்லி அடுக்கியது. தளத்தை நடத்தியவர் தம் பெயரை மறைத்துக்கொண்டு பிறர் பெயரை வெளியிட்டதால் அவர்மீதும் நியாயமான கோபம் எழுந்தது. பின்னர் அவர் யார் என்பது தெரியவந்தது. 2007-இல் தளம் மூடப்பட்டது. ஆனால் அது கிளப்பிய கேள்வி மூடப்படவில்லை. நடுவரிடம் படித்தவர்களும் அவருக்கு நெருக்கமானவர்களும் கலந்துகொள்ளக் கூடாது என்ற விதி இன்று பல போட்டி அறிவிப்புகளில் இருக்கிறது. அமெரிக்கச் சிற்றிதழ்கள், சிறு பதிப்பகங்களின் கூட்டமைப்பு ஒன்று போட்டிகளுக்கான நெறிமுறையையும் வகுத்திருக்கிறது: விதிகள் தெளிவாக இருக்க வேண்டும், யாருக்கு யார் நெருக்கம் என்றால் தகுதி போகும் என்பதை வரையறுக்க வேண்டும், தேர்வு நடக்கும் முறையைப் பொதுவில் வைக்க வேண்டும்.

போட்டிக்குக் காசு கட்டுவதற்கு முன் இந்த மூன்றும் அறிவிப்பில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள். கேட்டதற்குக் கோபப்படும் அமைப்புக்குக் காசு கட்ட வேண்டாம்.

புஷ்கார்ட் பரிந்துரை என்பது பரிசா?

பரிசு அன்று. சிற்றிதழ்களில் வெளியானவற்றிலிருந்து தேர்ந்து 1976 முதல் வெளிவரும் புஷ்கார்ட் பரிசுத் தொகுப்புக்குச் சிற்றிதழ் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஆறு படைப்புகள் வரை பரிந்துரைக்கலாம். பரிந்துரைத்த ஆசிரியருக்கு உங்கள் எழுத்து பிடித்திருக்கிறது என்று பொருள். மகிழ்ச்சி அடையுங்கள், தன்விவரக் குறிப்பில் ‘பரிந்துரைக்கப்பட்டவர்’ என்றே எழுதுங்கள்.

படைப்புத் திருட்டு எப்படிப் பிடிபடுகிறது?

பெரும்பாலும் மூலக் கவிதையை நேசித்த ஒரு வாசகர்தான் பிடிக்கிறார். 2013 ஜனவரியில் இங்கிலாந்தில் ஒரு வட்டாரக் கவிதைப் போட்டியில் பரிசு பெற்ற கவிதை, ஹெலன் மோர்ட் எழுதிய ‘மான்’ என்ற கவிதையின் ஏறக்குறைய முழு நகல் என்று தெரியவந்தது. முதல் வரியில் ‘அம்மா’ என்றிருந்த இடத்தில் ‘அப்பா’ என்று இருந்தது. மற்றபடி மான்களும், மரங்களுக்கு இடையே அவை நடந்த நடையும், நாணய நிறத்துக் குளம்புகளும் அப்படியே இருந்தன. ஒரு சொல்லை மாற்றியதால் கவிதை தம்முடையதாகிவிடும் என்று ஒருவர் நம்பியிருக்கிறார். அதன் பிறகு ஐரா லைட்மன் என்ற கவிஞர், சந்தேகத்துக்குரிய வரிகளைத் தேடுபொறியில் இட்டுத் தேடியே மேலும் பல நகல்களை வெளிப்படுத்தினார்.

வெளிப்படையான நகல் எளிதில் தீர்ந்துவிடும். வரிக்கு வரி நெருக்கமாக இருந்தும் சொற்கள் வேறாக இருப்பவைதான் சிக்கல். 2018 டிசம்பரில் ஓர் இளம் கவிஞரின் முதல் தொகுப்பு வெளிவரும் தறுவாயில், அவர் பல வரிகளை ரேச்சல் மெக்கிபன்ஸ் என்ற கவிஞரிடமிருந்து எடுத்திருப்பது தெரிந்து, பதிப்பகம் நூலைக் கைவிட்டது. மெக்கிபன்ஸின் வரிகள் அவருடைய சொந்த உடலின், சொந்தக் குழந்தைப்பருவத்தின் வலியைச் சொன்னவை. பிறருடைய வலியை எடுத்துத் தன் வலியாகச் சொல்வதற்கும் உவமையைத் திருடுவதற்கும் உள்ள தூரத்தைப் பதிப்புரிமைச் சட்டம் அளப்பதில்லை, படிப்பவர்கள் அளக்கிறார்கள். தாக்கம் பெற்றிருந்தால் கவிதையின் கீழே ‘இன்னாருடைய கவிதையைத் தொடர்ந்து’ என்று எழுதுங்கள். இதனால் எந்தக் கவிதையும் சிறுத்துப்போனதில்லை.

புனைபெயரில் எழுதுவது ஏமாற்றா?

பொதுவாக இல்லை. இரண்டு நிகழ்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

2015-ஆம் ஆண்டின் ‘சிறந்த அமெரிக்கக் கவிதைகள்’ தொகுப்பில் யி-ஃபென் சோ என்ற பெயரில் ஒரு கவிதை இடம்பெற்றது. அதை எழுதியவர் ஒரு வெள்ளையர். தம் சொந்தப் பெயரில் அந்தக் கவிதை 40 முறை நிராகரிக்கப்பட்டதாகவும், சீனப் பெயரில் அனுப்பியபோது ஒன்பது நிராகரிப்புக்குப் பிறகு ஏற்கப்பட்டதாகவும் தொகுப்பின் குறிப்பிலேயே அவர் எழுதினார். அந்த ஆண்டின் தேர்வாசிரியர் ஷெர்மன் அலெக்ஸி, அந்தப் பெயரைப் பார்த்துத்தான் கவிதையைக் கூடுதல் கவனத்தோடு படித்ததாக ஒப்புக்கொண்டு, அதை மறைக்க விரும்பாமல் கவிதையைத் தொகுப்பிலேயே வைத்தார். அவருடைய நேர்மையை மதிக்கிறேன். ஆனால் அந்தக் கவிஞர் செய்தது புனைபெயர் சூடியது ஆகாது. நெடுங்காலம் ஒதுக்கப்பட்டவர்களுக்கென்று சிறிதளவு திறந்த கதவின் வழியே, அவர்களுடைய பெயரைப் போட்டுக்கொண்டு நுழைந்திருக்கிறார்.

இரண்டாவது நிகழ்வு நேர் எதிரானது. 2020 ஜனவரியில் கிளார்க்ஸ்வேர்ல்டு என்ற இணைய அறிபுனை இதழில் இசபெல் ஃபால் என்ற பெயரில் ஒரு சிறுகதை வந்தது. திருநர்களைக் கேலி செய்யப் பயன்பட்ட ஒரு வாசகத்தையே தலைப்பாக எடுத்து, அதை உள்ளிருந்து திருப்பிப் பேச முயன்ற கதை அது. எழுதியவரைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியவில்லை. குறிப்பில் இருந்த பிறந்த ஆண்டான 1988-இல் உள்ள 88 என்ற எண் நாஜி ஆதரவாளர்களின் குறியீடு என்று சிலர் பொருள் கண்டார்கள். கதையைப் படிக்காமலேயே கண்டித்தவர்கள் இருந்தார்கள். எழுதியவர் உண்மையில் தம்மை இன்னும் வெளிப்படையாக அறிவித்துக்கொள்ளாத ஒரு திருநங்கை. அவர் கேட்டுக்கொண்டபடி கதை அந்த மாதமே தளத்திலிருந்து நீக்கப்பட்டது. அந்த நாட்களின் அழுத்தம் அவரை மருத்துவமனை வரை கொண்டுசென்றது. அடுத்த ஆண்டு அதே கதை அறிபுனைக்கான ஹ்யூகோ விருதின் இறுதிப்பட்டியலில் இடம்பெற்றது.

முதலாமவரின் பெயர் பிறருக்குரிய இடத்தை எடுத்துக்கொண்டது. இரண்டாமவரின் பெயர் அவருக்கு ஒதுங்க ஒரு கூரையாக இருந்தது. ‘நீ யார் என்று முதலில் சொல்’ என்று கேட்கும் பழக்கம் முதல் வகை ஏமாற்றைப் பிடிக்கலாம். இரண்டாம் வகை மனிதரை நொறுக்கிவிடும். ஆகவே, புனைபெயரை ஏற்கும் இதழ் ஆசிரியர் மட்டும் அறிந்த அளவில் விவரத்தைப் பெற்றுக்கொண்டு, விமர்சனம் வரும்போது எழுத்தாளரை முன்னே தள்ளாமல் தான் முன்னே நிற்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

எதிர்ப்பு எழுந்தால், வெளியிட்ட படைப்பை நீக்கலாமா?

2024 மார்ச்சில், காசா போரின் நடுவே, அமெரிக்க இணைய இதழான கெர்னிகா, இஸ்ரேலில் வாழும் ஒரு மொழிபெயர்ப்பாளர் எழுதிய கட்டுரையை வெளியிட்டது. இதழின் ஆசிரியர் குழுவிலேயே கடும் எதிர்ப்பு எழுந்தது; ஊதியமில்லாமல் உழைத்த பலர் விலகினார்கள். இதழ் கட்டுரையை நீக்கிவிட்டு, வெளியிட்டதற்கு வருந்துவதாக ஒரு வரி போட்டது. நீக்கியதற்குக் காரணம் அந்த வரியில் இல்லை. பிறகு அந்தக் கட்டுரை வேறொரு பத்திரிகையில் வெளியானது.

விலகியவர்களுக்கு விலக உரிமை இருந்தது. அவர்களுடைய பெயரும் அந்த இதழில் இருந்ததல்லவா? 2022 அக்டோபரில் ஹோபார்ட் இதழில் ஒரு நேர்காணல் வெளியானபோதும் இதுவே நடந்தது: அதன் உள்ளடக்கத்தை எதிர்த்து உதவி ஆசிரியர்கள் பெரும்பாலோர் விலகினார்கள். இரு இடங்களிலும் சண்டை உள்ளடக்கத்தைப் பற்றியதாகத் தோன்றினாலும், எதை வெளியிடுவது என்பதில் யாருக்குக் கடைசிச் சொல் என்பது எங்கும் எழுதப்படாமல் இருந்ததே அதற்குள் இருந்த சிக்கல் என்று நான் பார்க்கிறேன். நீக்கத்தைப் பொறுத்தவரை என் நிலை இதுதான்: திருட்டு, பொய்த்தகவல், எழுத்தாளரே கேட்டுக்கொள்வது, ஒருவருடைய பாதுகாப்பு ஆகிய காரணங்களுக்காக நீக்கலாம். மற்றவற்றுக்கு மறுப்பை அதே பக்கத்தில் வெளியிடலாம். எதற்காக நீக்கினாலும் காரணத்தைச் சொல்லியே ஆக வேண்டும்.

ஆசிரியர் தம் இடத்தைத் தவறாகப் பயன்படுத்தினால் யாரிடம் சொல்வது?

2014 இலையுதிர்காலத்தில், ‘ஆல்ட் லிட்’ என்று அழைக்கப்பட்ட இணைய எழுத்தாளர் வட்டத்தில், ஆசிரியராகவும் எழுத்தாளராகவும் பெயர்பெற்றிருந்த சில ஆண்கள்மீது பாலியல் அத்துமீறல் குற்றச்சாட்டுகள் வந்தன. வட்டம் சிதறியது. அதன் முக்கியமான கூடுமிடமாக இருந்த ஹெச்டிஎம்எல்ஜயன்ட் தளமும் அந்த ஆண்டே நின்றது. முறையிட ஓரிடமும் இல்லாததால்தான் பெண்கள் பொதுவெளியில் எழுத வேண்டியதாயிற்று. ‘ஏன் முதலில் தனியாகச் சொல்லவில்லை’ என்று அவர்களைக் கேட்டவர்கள், தனியாகச் சொல்ல எந்தக் கதவு இருந்தது என்று சொல்லவில்லை. படைப்பு குறித்த பேச்சைத் தனிப்பட்ட உரையாடலுக்கு இழுத்துச் செல்லும் ஆசிரியரிடம் எச்சரிக்கையாக இருங்கள். அந்த உரையாடலை அழிக்காமல் வையுங்கள். இதழில் ஒருவருக்கு மேல் பொறுப்பாளர் இருந்தால் மற்றவருக்கும் எழுதுங்கள். உடலுக்கு ஆபத்து என்றால் இது இலக்கிய விவகாரமே அல்ல. காவல்துறைக்கும் வழக்கறிஞருக்கும் உரியது.

இயந்திரம் எழுதிய படைப்புகள் உண்மையிலேயே தொல்லையா?

மேலே சொன்ன கிளார்க்ஸ்வேர்ல்டு இதழ் 2023 பிப்ரவரி 20 அன்று படைப்புகள் பெறுவதையே தற்காலிகமாக நிறுத்தியது. அந்த மாதத்தில் அதுவரை மனிதர்கள் எழுதியவை சுமார் 700 வந்திருக்க, இயந்திரம் எழுதியவை சுமார் 500 வந்திருந்தன. அந்த இதழ் சொல்லுக்கு இவ்வளவு என்று பணம் தருவதால், எளிதில் சம்பாதிக்கலாம் என்று யாரோ சொல்லக் கேட்டவர்கள் குவிந்தார்கள். இங்கே கதைகளின் தரத்தைவிட வாசகரின் நேரமே பெரிய இழப்பு: முன்பு சொன்ன அந்த மூன்றாம் பக்கக் கடிதத்தை அடைய ஒரு வாசகருக்கு இருந்த கொஞ்ச நேரத்தையும் இது தின்றுவிடுகிறது. கண்டுபிடிக்கும் மென்பொருள்களை மட்டும் நம்பி யாரையும் குற்றம்சாட்டக் கூடாது. அவை மனிதர் எழுதியதையும் இயந்திரத்தினுடையது என்று சொல்வதுண்டு.

இதழ் மூடப்பட்டால் என் படைப்பு என்னவாகும்?

உரிமை உங்களிடமே இருக்கும். பெரும்பாலான இதழ்கள் முதல் வெளியீட்டு உரிமையை மட்டுமே வாங்குகின்றன. பக்கம்தான் போய்விடும். தி பிலீவர் என்ற இலக்கிய இதழை அதை நடத்திவந்த பல்கலைக்கழகம் 2022-இல் ஒரு விளம்பர நிறுவனத்துக்கு விற்றது. பிறகு, கட்டுரைகள் இருந்த அதே முகவரியில் பாலுறவுத் துணை தேடும் தளங்களுக்கான விளம்பரம் முளைத்தது. எழுத்தாளர்கள் கொதித்தபின், இதழைத் தொடங்கிய பதிப்பகமே அதைத் திரும்ப வாங்கியது. அச்சு நூல்களும் தப்பவில்லை: 1969 முதல் சிறு பதிப்பகங்களின் நூல்களை விநியோகித்துவந்த ஸ்மால் பிரஸ் டிஸ்ட்ரிபியூஷன் 2024 மார்ச் இறுதியில் திடீரென்று மூடியபோது, சுமார் 400 பதிப்பகங்கள் விநியோகமின்றி நின்றன.

உங்கள் படைப்பு வெளியான அன்றே பக்கத்தைப் பிடிஎஃப் கோப்பாகச் சேமியுங்கள். இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் அந்த முகவரியைப் பதிவு செய்யுங்கள். இரண்டுக்கும் சேர்த்து ஐந்து நிமிடம் ஆகும்.

புதிதாக இதழ் தொடங்குகிறவர் எவற்றை எழுதி வைக்க வேண்டும்?

யார் முடிவெடுப்பார், கருத்து வேறுபாடு வந்தால் எப்படித் தீர்ப்பது, என்ன உரிமை வாங்குகிறோம், காசு வாங்கினால் எதற்கு, எந்தக் காரணங்களுக்காகப் படைப்பை நீக்குவோம், முறைப்பாடு வந்தால் யார் கேட்பார் என்பவற்றை இதழின் அறிமுகப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் போகாது. நண்பர்களுக்குள் இதெல்லாம் எதற்கு என்று தோன்றும் நாளில்தான் எழுத வேண்டும். சண்டை வந்தபின் எழுதும் விதி ஒரு தரப்பின் விதியாகவே இருக்கும்.

இணையதளத்தின் கடவுச்சொல் யார் யாரிடம் இருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் இதழில் அது நிறுவனர் ஒருவரிடம் மட்டுமே இருந்தது. அவர் உடல்நலமின்றி மருத்துவமனையில் இருந்த மாதத்தில் இணைய முகவரிக்குச் செலுத்த வேண்டிய ஆண்டுக் கட்டணம் தவறிப்போய், பதினொரு நாட்கள் இதழே காணாமல் போனது. எழுத்தாளர்கள் ஒவ்வொருவராக “என் கதை எங்கே?” என்று எழுதினார்கள், என்னிடம் பதில் இல்லை. அவர் வீடு திரும்பி முதல் வேலையாகக் கட்டணத்தைக் கட்டினார். அன்று மாலையே கடவுச்சொல்லை எனக்கும் இன்னொரு வாசகருக்கும் அனுப்பினார்.